போடிக்கு மேலே ஓடிய குட்டி ரயில்

போடிநாயக்கனூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தாத்தாவின் அப்பா மலையடிவாரத்துக் கொட்டகுடியில் தேயிலைப் பெட்டி சுமந்தவராம். மலைக்கு மேலே குட்டி ரயில் ஓடியது, பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, அது மட்டும் இருந்திருந்தால் இன்றைக்குப் போடியில் ஏறி கொடைக்கானலில் இறங்கலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களாம். இது உண்மையா, ஊட்டி ரயில் மாதிரியா, ஏன் திரும்பப் போடவில்லை என்று கேட்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: சமவெளியிலிருந்து இந்த மலைக்கு எப்போதாவது ரயில் ஏறியதா?

ஏறவில்லை. ஆனால் ரயில் ஓடியது உண்மை, வெள்ளத்தில் போனதும் உண்மை. அது மலையேறிய ரயில் அல்ல, மலைக்கு மேலேயே ஓடிய ரயில். உங்கள் வீட்டுக் கதையில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிதான் கொடைக்கானலைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது வத்தலக்குண்டில் இருக்கிறேன். அதனால் ஏற்றம், வளைவு, மண்கட்டு, தண்ணீர் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். தோட்டக் கம்பெனி வரலாறு என் துறை இல்லை. அதில் நன்றாகப் பதிவான செய்திகளை மட்டும் சொல்கிறேன். என் ஊகம் எங்கே வருகிறதோ அங்கே ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ரயிலின் பெயர் குண்டளா பள்ளத்தாக்கு ரயில்வே. ஓடிய இடம் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை. அன்றைய கணக்கில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம், இன்றைக்குக் கேரளம். டாப் ஸ்டேஷன் இருக்கும் முகடுதான் தமிழ்நாட்டு எல்லை, அந்தப் பக்கம் கால் வைத்தால் நம் தேனி மாவட்டம். பழனி மலைத்தொடர் தென்மேற்கில் போய் மூணாறு மலைகளோடு சேரும் மூலை அது. ஆக, மலை நம்முடைய மலைதான், ரயில் மட்டும் அந்தச் சரிவில் ஓடியது.

அங்கே ரயில் வந்ததற்குக் காரணம் தேயிலை. 1877இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞார் ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சிங்கோனா, காப்பி, ஏலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நின்றது. 1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவானது. தோட்டம் பெருகப் பெருக ஒரே தலைவலி, விளைந்ததை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான். மேற்கே ஆலுவா போகும் வழி காடும் ஆறுமாக நீண்டது. கிழக்கே குண்டளா ஆற்றை ஒட்டி மேலே நடந்தால் முகடு வந்துவிடும், முகட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே போடி. தேயிலைக்குப் போடிதான் வாசல். தோட்டத்தில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும், அவர்கள் சாப்பிட்ட அரிசியும் இந்தப் பக்கமிருந்துதான் மேலே போயின. தேயிலை கீழே, அரிசி மேலே. இந்த இரண்டு திசைச் சரக்கு இருந்ததால்தான் ஒரு ரயிலே கட்டுப்படியானது.

முதலில் வந்தது நாம் நினைக்கிற ரயில்கூட இல்லை. 1902இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். இந்தியாவின் முதல் மோனோரயில் அதுதான். மோனோரயில் என்றதும் தூண் மேல் சறுக்கிக்கொண்டு போகும் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மண்சாலையின் ஓரமாகத் தரையிலேயே ஒரு தண்டவாளம் கிடக்கும். வண்டியின் அடியில் ஒரே வரிசையில், இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த சிறு சக்கரங்கள், அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடும். வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து கை மாதிரி ஒரு சட்டம் வெளியே நீண்டு, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். பாரத்தில் மிகப் பெரும்பகுதி தண்டவாளத்தில் இறங்கிவிடும். சாலைச் சக்கரத்துக்கு வேலை, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். இழுத்தது மாடுகள். யூயிங் முறை என்று இதற்குப் பெயர்.

ஏன் இந்தக் கோணங்கி ஏற்பாடு என்று தோன்றும். மழைக்காலத்து மலைச்சாலையில் பாரவண்டி இழுக்கும் மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. சேற்றில் உருளும் மரச்சக்கரத்தை இழுப்பதற்கும் இரும்பு மேல் இரும்பு உருளுவதை இழுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதே மாடு பல மடங்கு சுமையை இழுக்கும். இரண்டு தண்டவாளம் போட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இடைவெளி மாறக்கூடாது, கீழே ஸ்லீப்பர் கட்டை வரிசையாக வேண்டும். ஒன்று போட்டால் அந்தத் தொல்லையில் பாதி இல்லை, செலவும் குறைவு. ஆனால் சாலைச் சக்கரம் ஓடும் இடம் மழையில் குழிவிழுந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து தள்ளாடும். ஆறே வருடத்தில் அதைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இது பாதைக்காரனின் ஊகம். சரக்கு பெருகியதும் மாடு போதவில்லை என்பதுதான் பெரிய காரணம். இதே முறையில் பின்னால் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டி டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாறு வண்டி எப்படி நின்றிருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதைப் பாருங்கள். ஒரே வித்தியாசம், அங்கே நீராவி இன்ஜின் பூட்டியிருப்பார்கள்.

1908இல் ஒற்றைத் தண்டவாளம் போய் இரண்டு அடி அகல லைட் ரயில்வே வந்தது, மாடு போய் சிறிய நீராவி இன்ஜின் வந்தது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள். அதே 1908இல்தான் குன்னூரோடு நின்றிருந்த நீலகிரி ரயில் ஊட்டியைத் தொட்டது. இரண்டும் மலை ரயில், இரண்டும் ஒரே வருடம் என்பதால் பலர் இரண்டையும் ஒரே ரகமாக எண்ணிவிடுகிறார்கள். ஊட்டி ரயிலைக் குறுகிய பாதை என்று எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அது மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர். மூணாறு ரயில் 610 மில்லிமீட்டர், டார்ஜிலிங் ரயிலின் அகலம். இன்றைய அகலப் பாதை 1,676. ஒரு ஆள் மூணாறு பாதையின் நடுவில் காலை அகட்டி நின்றால் இரண்டு தண்டவாளத்தையும் மிதித்துவிடலாம்.

610 எதற்கு என்றால், மலையில் அகலம்தான் பணம். பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குச் சரிவை வெட்டித் தட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுக்குக் கீழ்ப்பக்கம் கல்லடுக்கித் தாங்க வேண்டும். குறுகிய பாதையில் வண்டி சின்னது, அதனால் மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து புறப்படலாம். நீலகிரியின் கடுமையான வளைவுகள் 100 மீட்டர் ஆரம். டார்ஜிலிங்கில் 18 மீட்டர் ஆரத்தில்கூட இன்ஜின் திரும்புகிறது. சுரங்கம் குடைந்து நேராகப் போக வேண்டிய இடத்தை ஓரமாகச் சுற்றிவிட்டே போய்விடலாம். தோட்டக் கம்பெனிக்கு வேகம் முக்கியமில்லை. பெட்டி நனையாமல், கவிழாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டாப் ஸ்டேஷன் 1,700க்கு மேல். இடையே முப்பது சொச்சம் கிலோமீட்டர். சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் அளவுக்கே ஏறுகிற கணக்கு. நடுவில் ஏற்ற இறக்கம் கூடக் குறைய இருக்கும், ஆனால் இது, பாதை நடுவே போட்ட பல்வரிசையைக் கவ்வி ஏறும் பல்சக்கரம் இல்லாமலே சாதாரண இன்ஜின் இழுக்கக்கூடிய ஏற்றம்தான். பள்ளத்தாக்கின் தரையோடு தரையாகப் போகும் பாதை அது.

முகட்டுக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது 25 மீட்டர் ஓடி ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் பாதை போட்டால் 25 கிலோமீட்டர் வளைத்து வளைத்துக் கொண்டுவர வேண்டும். நீலகிரி மாதிரி பல்சக்கரப் பாதை, பன்னிரண்டரைக்கு ஒன்று, போட்டாலும் 12 கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு நீளத்துக்குத் தட்டு வெட்டக்கூடிய சரிவு அங்கே இல்லை, பாறை நெட்டுக்குத்தாக விழுகிறது. சரி, கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ரயிலை முகட்டிலேயே நிறுத்தினார்கள். அங்கிருந்து கம்பிவடம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேயிலைப் பெட்டிகள் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடியில் இறங்கின. டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன் என்கிற பெயரெல்லாம் இந்தக் கம்பிவடத்தின் கணக்கில் வந்தவை. பாட்டம் ஸ்டேஷனில் ஒருநாளும் ரயில் நின்றதில்லை. உங்கள் முன்னோர் பெட்டி சுமந்தது கம்பிவடம் இறக்கிய இடத்தில், மாட்டுவண்டியில் ஏற்றுவதற்காக. கொட்டகுடியிலிருந்து போடி 15 கிலோமீட்டர் வண்டிப் பயணம்.

ஒரு பெட்டி எத்தனை கை மாறியது என்று பாருங்கள். தோட்டத்தில் கட்டி ரயிலில் ஏற்றி, டாப் ஸ்டேஷனில் இறக்கி, கம்பிவடத்தில் மாட்டி, கொட்டகுடியில் கழற்றி, மாட்டுவண்டியில் அடுக்கி, போடியில் இறக்கி. அதற்கப்புறமும் ரயில் இல்லை. இங்கேதான் வீட்டுக் கதையில் இன்னொரு முடிச்சு. மலை ரயிலும் போடி ரயிலும் சேர்ந்து ஓடியதாக நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை திறந்தது 1928இல். மலை ரயில் செத்தது 1924இல். இரண்டும் ஒருநாள்கூட ஒரே காலத்தில் ஓடியதில்லை. 1928க்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பெரிய ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடை ரோடு. பெரியாறு அணை கட்ட வந்த தளவாடங்களே அங்கே இறங்கித்தான் மாட்டுவண்டியில் கூடலூர் போயின. கம்பிவடம் மட்டும் மலை ரயில் காலத்திலும் போடி ரயில் காலத்திலும் இருந்தது. இரண்டையும் பார்த்த பெரியவர்கள் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டதில் ஆச்சரியமில்லை.

வெள்ளத்துக்கு வருவோம். 1924 ஜூலை, மலையாளக் கணக்கில் 1099ஆம் ஆண்டு, கர்க்கடக மாதம். கேரளம் முழுக்க அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றே சொல்வார்கள். மூணாறு மலைகளில் நாள்கணக்கில் விடாமல் பெய்தது. மாட்டுப்பட்டிப் பக்கம் இரண்டு மலைகளுக்கு நடுவே சரிந்த மண்ணும் மரமும் அடைத்து, தானாக ஓர் அணை மாதிரி தண்ணீர் தேங்கி, அது உடைத்துக்கொண்டபோது மூணாறு ஊரே அடிபட்டது. இன்றைய மாட்டுப்பட்டி அணை இருக்கும் பகுதிதான் அது. ரயில் பாதை எங்கே ஓடியது என்பதை நினைத்துப் பாருங்கள், அதே ஆற்றை ஒட்டி, அதே மாட்டுப்பட்டி வழியாக. தப்பிக்க வழியே இல்லை.

தண்டவாளம் பிய்ந்து போனால் அது பெரிய விஷயமில்லை. கேங்மேன்கள், அதாவது பாதைத் தொழிலாளர்கள், நூறு பேர் இருந்தால் வளைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூட்டிவிடலாம். கீழே இருக்கும் மண்கட்டு போனால்தான் ரயில் போயிற்று என்று அர்த்தம். சரிவில் வெட்டிய தட்டு மேல்பக்கச் சாக்கடையும் மதகும் சரியாக இருக்கும்வரை நிற்கும். மதகு அடைத்துத் தண்ணீர் பாதையின் மேலேறிக் கீழ்ச்சரிவில் வழிய ஆரம்பித்தால், ஒரே ராத்திரியில் தட்டு இருந்த இடம் வெறும் சரிவாகிவிடும். கொத்து வேலை முழுதும் உள்வாங்கிவிடும். திரும்பப் போடுவதென்றால் பழுது பார்ப்பதில்லை, சர்வேயில் தொடங்கிப் புது ரயில் கட்டுவது.

1924இல் புது ரயில் கட்ட எந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார். லாரி வந்துவிட்டது. ரயில் ஒரே தடத்தில் முகடு வரை போய் நிற்கும், லாரி தோட்டத்து வாசல் வரை வரும். மேற்குப் பக்கமும் பழைய ஆலுவாச் சாலை அதே வெள்ளத்தில் அழிந்து, நேரியமங்கலம் வழியாகப் புதுச்சாலை வந்தது. நேரியமங்கலம் பாலம் 1935இல் திறந்தது. தேயிலை கொச்சிப் பக்கம் திரும்ப வழி பிறந்துவிட்டது. வெள்ளம் ரயிலைக் கொன்றது என்பதை விட, சாகப்போகிற ரயிலை வெள்ளம் பத்து வருடம் முன்னால் எடுத்துக்கொண்டது என்பதே என் எண்ணம். இதை ஆவணம் காட்டி நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் இந்தியாவில் தோட்டத்துக்கும் காட்டுக்குமாகப் போட்ட சின்ன ரயில்கள் பெரும்பாலும் லாரியிடம்தான் தோற்றன.

கொடைக்கானல் பற்றி. டாப் ஸ்டேஷனிலிருந்து வந்தரவு, பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பாதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைப் பக்கம் ஜப்பான் வந்துவிட்டால் மேற்குக் கரைக்குத் தப்பிக்க என்று சீர்செய்த சாலை அது. இப்போது பொதுப் போக்குவரத்து இல்லை. அதில் ரயில் ஓடியதே இல்லை. "டாப் ஸ்டேஷன் ரயில்" என்ற பேச்சும் "டாப் ஸ்டேஷன் வழியாகக் கொடைக்கானல்" என்ற பேச்சும் கலந்ததில் பிறந்ததுதான் உங்கள் வீட்டுக் கனவு ரயில். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் டாப் ஸ்லிப் ரயில் என்று இன்னொன்றைச் சொல்லிக் குழப்புவார்கள். அது ஆனைமலைக்கு அந்தப் பக்கம், சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் தேக்கு இழுத்த கொச்சி டிராம்வே. அது மீட்டர் கேஜ், 1963இல் மூடினார்கள். இதோடு எந்தத் தொடர்பும் இல்லை.

சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏன் ரயில் வரவில்லை என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சமவெளி 300 மீட்டர், கொடைக்கானல் 2,100. இருபத்தைந்துக்கு ஒன்று என்று போட்டால் 45 கிலோமீட்டர் ஏற்றமாகவே வேண்டும். முடியாத காரியமில்லை, நீலகிரியில் அதற்கு நிகரானதைச் செய்தார்கள். ஆனால் நீலகிரி ரயிலைத் தொடங்கிய முதல் கம்பெனியே பணமில்லாமல் கவிழ்ந்தது, அப்புறம் வேறு கம்பெனி எடுத்து 1899இல் குன்னூர் வரை ஓட்டியது, 1903இல் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. ஊட்டி சென்னை மாகாண அரசின் கோடைத் தலைமையிடம், பக்கத்தில் வெலிங்டன் பட்டாளம், சுற்றிலும் காப்பியும் தேயிலையும். அங்கே நஷ்டத்தைத் தாங்க ஆள் இருந்தது. கொடைக்கானல் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய ஊர். அனுப்ப மூட்டை மூட்டையாகச் சரக்கு இல்லை, கோடையில் மட்டும் ஆள் வரும். நம் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையே மேஜர் லா என்ற வெள்ளைக்கார அதிகாரி தடம் பார்த்துப் பல பத்தாண்டு இழுத்து, முதல் உலகப் போர்ச் சமயத்தில்தான் மோட்டார் ஓடும் நிலைக்கு வந்தது. மோட்டார் ஏறிய பிறகு ரயிலுக்கு யார் முதல் போடுவார்கள்?

நேரில் பார்க்க நினைத்தால் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போங்கள். போடிக்கு அகலப் பாதை ரயில் 2023 ஜூனில் வந்துவிட்டதால் மதுரையிலிருந்து வருவதும் சுலபம். மூணாறில் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். நல்லதண்ணியில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அப்புறம் மாட்டுப்பட்டி, குண்டளா வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். சாலை பல இடங்களில் பழைய ரயில் தடத்தைத் தழுவியே போகிறது. மலைச்சாலைக்குப் பொருந்தாத அளவுக்கு ஏற்றமே தெரியாமல், சரிவை ஒட்டி மடிப்பு மடிப்பாக நீளும் இடங்களில் கவனியுங்கள், ரயிலுக்காக வெட்டிய தட்டின் குணம் அது. டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தின் மிச்சங்கள் கிடக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக நடந்து ஏற ஆசை இருந்தால் வனத்துறை அனுமதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். 2018 காட்டுத்தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அதில் நியாயமும் இருக்கிறது.